சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின், ஆக்சாலிபிளாட்டின்: ரத்தப் புரதங்களிடம் மூன்றும் படும் பாடு

பிளாட்டினம் கலந்த புற்றுநோய் மருந்துகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் எவர் கண்ணிலும் சீக்கிரமே ஒரு வரி படும்: “90 விழுக்காட்டுக்கு மேல் பிளாஸ்மா புரதங்களோடு பிணைகிறது.” (பிளாஸ்மா என்பது ரத்தத்தில் அணுக்கள் நீங்கிய நீர்ப்பகுதி.) சிஸ்பிளாட்டினுக்கும் இதே வரிதான், ஆக்சாலிபிளாட்டினுக்கும் இதே வரிதான். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்க இது போதும். எந்த மருந்தை யாருக்கு, எந்த அளவில், எந்தக் கரைசலில் கொடுப்பது, எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்து அளப்பது என்று முடிவெடுக்க வேண்டியவருக்கோ அந்த 90 அனேகமாக ஒன்றுமே சொல்வதில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. எவ்வளவு வேகமாகப் பிணைகிறது? பிணைந்தது திரும்பி வருமா? மூன்று மருந்துகளையும் இந்த இரண்டு கேள்விகளை வைத்தே இங்கே எடைபோடுகிறேன்.

வழக்கமான மருந்துகளில் புரதப் பிணைப்பு என்பது ஒரு சமநிலை. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் 99 விழுக்காடு, பிளாஸ்மாவில் மிகுதியாக உள்ள ஆல்புமின் என்ற புரதத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது விருந்தாளி போல வந்து உட்காரும், எழுந்து போகும். கட்டில்லாமல் திரியும் 1 விழுக்காடு செலவானால், பிணைந்திருந்ததில் கொஞ்சம் விடுபட்டு அந்த இடத்தை நிரப்பும். பிளாட்டினம் அப்படி அல்ல. சம்பந்தம் பண்ணிக்கொண்டு அந்த வீட்டிலேயே தங்கிவிடும். புரதத்தில் உள்ள கந்தகத்தோடும் நைட்ரஜனோடும் அது போடுவது உண்மையான வேதிப் பிணைப்பு. சிஸ்பிளாட்டினின் அதிகாரபூர்வ மருந்துக் குறிப்பே இதைத் தெளிவாகச் சொல்கிறது: புரதத்தோடு சேர்வது சிஸ்பிளாட்டின் அல்ல, சிஸ்பிளாட்டினிலிருந்து வந்த பிளாட்டினம். மருந்து தன் உருவத்தை இழந்த பிறகே அங்கே போய் ஒட்டுகிறது. ஆகவே ‘பிணைந்த பங்கு’ என்பது பிறகு பயன்படும் சேமிப்பு அல்ல. பெரும்பாலும் அது கணக்கிலிருந்து கழிந்துபோன மருந்து.

எதிரே நிற்கும் புரதங்களின் பலம்

ஆல்புமின் 585 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. எடை சுமார் 66,500 டால்டன். ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் 35 முதல் 50 கிராம் வரை இருக்கும். மோல் கணக்கில் பார்த்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 0.6 மில்லிமோல். மூன்று லிட்டர் பிளாஸ்மா உள்ள ஒருவரின் ரத்தத்தில் சுமார் 1.8 மில்லிமோல் ஆல்புமின் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இப்போது மருந்தின் பக்கம் வருவோம். உடற்பரப்பு 1.7 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், சதுர மீட்டருக்கு 75 மி.கி. வீதம் சிஸ்பிளாட்டின் சுமார் 127 மி.கி. ஆகும். மூலக்கூறு எடை 300. அதாவது சுமார் 0.42 மில்லிமோல். 85 மி.கி. வீதம் ஆக்சாலிபிளாட்டின் கொடுத்தால் 0.36 மில்லிமோல். கார்போபிளாட்டின் 500 மி.கி. என்றால் 1.35 மில்லிமோல். கொடுத்த மருந்து முழுவதும் ஒரே நொடியில் ரத்தத்துக்குள் வந்தாலும்கூட, சிஸ்பிளாட்டினின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நான்கு ஆல்புமின்கள் காத்திருக்கின்றன. அதிலும் ஒவ்வொரு ஆல்புமினிலும் ஒட்ட இடம் பல. ‘புரதம் நிரம்பிவிட்டால் மிச்சம் விடுதலையாகத் திரியும்’ என்ற நிறைவுக் கணக்கு இங்கே எடுபடவே எடுபடாது. இடத்துக்குப் பஞ்சமில்லை; பந்தயம் முழுக்க நேரத்தோடுதான்.

அந்த இடங்கள் எவை என்பதில் ஓர் ஆச்சரியம் உண்டு. ஆல்புமினில் சிஸ்டீன் என்ற, கந்தகம் உள்ள அமினோ அமிலம் 35 இடங்களில் இருக்கிறது. 34 சிஸ்டீன்கள் தங்களுக்குள் ஜோடி சேர்ந்து 17 கந்தகப் பாலங்களாகிவிட, 34-ஆம் இடத்துச் சிஸ்டீன் மட்டும் தனியாக நிற்கிறது. பிளாட்டினத்துக்குக் கந்தகத்தின் மேல் உள்ள பிரியம் ஊரறிந்தது. எனவே அது முதலில் போய் ஒட்டும் இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று பலர் நெடுங்காலம் எதிர்பார்த்தார்கள். 2015-இல் சிஸ்பிளாட்டின் ஒட்டிய மனித ஆல்புமினின் படிக அமைப்பு எக்ஸ் கதிர் ஆய்வில் வெளிவந்தது. அதில் முதன்மை இடங்களாகத் தெரிந்தவை வேறு இரண்டு அமினோ அமிலங்கள்: 105-ஆம் ஹிஸ்டிடினும் 329-ஆம் மெத்தியோனினும். 34-ஆம் சிஸ்டீன் புரதத்தின் ஓர் இடுக்குக்குள் ஒடுங்கியிருக்கிறது. வேதிப் பிரியம் மட்டும் போதாது, கை எட்டவும் வேண்டும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

டிரான்ஸ்ஃபெரின், காமா குளோபுலின் ஆகியவையும் பிளாட்டினத்தைப் பிடிக்கின்றன. அளவில் ஆல்புமினுக்கு அருகே அவை வர முடியாது. இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரினைப் புற்றணுக்கள் அதிகமாக உள்ளிழுப்பதால், அதன் முதுகில் பிளாட்டினத்தை ஏற்றி அனுப்பலாமே என்ற ஆசை ஆய்வாளர்களிடம் பல காலமாக உண்டு. அங்காடிக்கு வந்த மூன்று மருந்துகளையும் தேர்ந்தெடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு கிடையாது.

சிஸ்பிளாட்டின்: அவசரக்காரன்

மைக்கேல் பெய்ரோன் இச்சேர்மத்தை 1840-களிலேயே உருவாக்கிவிட்டார். அது செல் பிரிவதைத் தடுக்கும் என்பதை 1965-இல் தற்செயலாகக் கண்டவர் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பார்னெட் ரோசன்பெர்க். 1978-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

பிளாட்டினத்தின் நான்கு பக்கங்களில் இரண்டில் அம்மோனியா, இரண்டில் குளோரைடு. வினைக்கு வழிவிடுவது குளோரைடு. ரத்தத்தில் குளோரைடு லிட்டருக்குச் சுமார் 100 மில்லிமோல். அவ்வளவு குளோரைடு சுற்றி நிற்கும்போது மருந்திலுள்ள குளோரைடு எளிதில் கழன்று போகாது. செல்லுக்குள் அதன் அளவு மிகக் குறைவு. அங்கே குளோரைடு கழன்று, நீர் மூலக்கூறு அந்த இடத்துக்கு வந்து, பிறகு டிஎன்ஏவோடு பிணைப்பு உண்டாகிறது. பாடப்புத்தகத்தில் இருக்கும் இந்தக் கதை சரியானதே. குறை என்னவென்றால், அதைப் படிப்பவருக்கு ரத்தத்தில் மருந்து பத்திரமாக இருக்கும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அப்படி இருப்பதில்லை. ஒரே வீச்சில் செலுத்தினால் சிஸ்பிளாட்டினின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 20 முதல் 30 நிமிடம். செலுத்தி மூன்று மணி நேரம் ஆகும்போது பிளாஸ்மாவில் மிச்சமிருக்கும் பிளாட்டினத்தில் 90 விழுக்காடு புரதத்தில் ஒட்டியாயிற்று. ஆல்புமினோடு சேர்ந்தது குறிப்பிடத்தக்க அளவு பிரிவதில்லை. ஐந்து நாளோ அதற்கு மேலோ அரை ஆயுளாகக் கொண்டு மெல்ல வெளியேறுகிறது.

இதிலிருந்து மருத்துவமனைக்குக் கிடைக்கும் பாடம் கடுமையானது. தவறுதலாக அளவு மீறிக் கொடுத்துவிட்டால் டயாலிசிஸ் செய்து எடுத்துவிடலாமா? நான்கு மணி நேரத்தில் தொடங்கினாலும் பெரிதாகப் பயன் இராது என்று மருந்துக் குறிப்பே எச்சரிக்கிறது. டயாலிசிஸ் சவ்வு புரதத்தை வெளியே விடாது. புரதத்தில் ஒட்டிய பிளாட்டினமும் அதோடு உள்ளேயே நின்றுவிடும். இந்த மருந்தைக் கொடுப்பதற்கு முன் அளவை இரண்டு பேர் தனித்தனியே சரிபார்க்க வேண்டும் என்று செவிலியர்களும் மருந்தாளுநர்களும் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். அந்தப் பிடிவாதம் ஒவ்வொரு நோயாளிக்கும் கிடைக்க வேண்டியது.

அதே வேகம் ஒரு நன்மையும் செய்திருக்கிறது. சிஸ்பிளாட்டின் குழந்தைகளின் செவித்திறனைப் பறிக்கும். சோடியம் தையோசல்ஃபேட்டில் உள்ள கந்தகம் பிளாட்டினத்தைப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும். ஆனால் மருந்தோடு சேர்த்தே அதைக் கொடுத்தால் புற்றுநோயும் பிழைத்துக்கொள்ளும். அதனால் ஆறு மணி நேரம் காத்திருந்து கொடுக்கிறார்கள். அதற்குள் கட்டிக்குப் போக வேண்டியது போய்விட்டது. ரத்தத்தில் திரிந்ததில் பெரும்பகுதி புரதத்தில் ஒட்டிவிட்டது அல்லது சிறுநீரில் போய்விட்டது. கல்லீரல் புற்று வந்த குழந்தைகளிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், செவித்திறன் இழப்பு 63 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாகக் குறைந்தது. பரவாத திடக்கட்டி உள்ள குழந்தைகளுக்கு 2022-இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. புரதப் பிணைப்பின் வேகம் தெரிந்திருந்ததால் ஒரு குழந்தையின் காது காப்பாற்றப்படுகிறது. பிணைப்பு வேகத்தைத் துணைத் தகவலாக நினைப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த எடுத்துக்காட்டைத்தான்.

கார்போபிளாட்டின்: பொறுமைசாலி

இதில் இரண்டு குளோரைடுகளுக்குப் பதிலாக ஒரே கரிமக் குழு இரண்டு கைகளாலும் பிளாட்டினத்தைப் பற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு கை விட்டாலும் மறு கை பிடித்திருக்கும். விட்ட கை மறுபடி வந்து பற்றும். நீரோடு வினைபுரியும் வேகம் சிஸ்பிளாட்டினைவிட நூறு மடங்கு அளவுக்குக் குறைவு. 1989-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

மருந்துக் குறிப்பில் கார்போபிளாட்டின் “பிளாஸ்மா புரதங்களோடு பிணைவதில்லை” என்று இருக்கும். அதற்குச் சற்றுக் கீழேயே, அதிலிருந்து வரும் பிளாட்டினம் மீளாதபடி புரதங்களோடு பிணைகிறது, ஐந்து நாள் அரை ஆயுளில் வெளியேறுகிறது என்றும் இருக்கும். மாணவர்கள் இங்கே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வரிகளும் சரி. முழு உருவில் உள்ள மருந்து புரதத்தோடு சேர்வதில்லை. மெல்ல மெல்ல உடையும் சிறு பகுதி மட்டும் சேர்கிறது. அது நடப்பதற்குள் சிறுநீரகம் முந்திக்கொள்கிறது. சிறுநீரகம் நன்றாக இருப்பவரிடம் கொடுத்த அளவில் 65 விழுக்காடு 12 மணி நேரத்துக்குள் சிறுநீரில் வந்துவிடும்.

புரதம் தாமதிப்பதாலும் சிறுநீரகமே முக்கிய வாசல் என்பதாலும் கார்போபிளாட்டினுக்கு ஒரு தனி வசதி கிடைத்திருக்கிறது: ரத்தத்தில் எவ்வளவு மருந்து எவ்வளவு நேரம் இருக்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். ஹிலாரி கால்வெர்ட்டின் குழு 1989-இல் கொடுத்த சூத்திரம் இது:

மொத்த அளவு (மி.கி.) = இலக்கு ஏயூசி × (சிறுநீரக வடிகட்டும் வேகம் + 25)

ஏயூசி என்பது ரத்தத்தில் மருந்தின் செறிவை நேரத்தோடு வரைந்தால் அந்தக் கோட்டுக்குக் கீழே வரும் பரப்பு. அந்த 25 எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சிறுநீரகம் தொடாமல், திசுக்களிலும் புரதங்களிலும் மீளாமல் ஒட்டி மறையும் மருந்தின் வேகம்தான் அது, நிமிடத்துக்கு 25 மில்லிலிட்டர். நாம் பேசிக்கொண்டிருக்கும் பிணைப்பு, தினசரி மருந்து எழுதும் சீட்டிலேயே ஓர் எண்ணாக உட்கார்ந்திருக்கிறது.

போட்டுப் பார்ப்போம். இலக்கு 5. வடிகட்டும் வேகம் 75 என்றால், 5 × 100 = 500 மி.கி. வெளியேற்றத்தில் ஒட்டிப்போகும் பங்கு நான்கில் ஒன்று. வேகம் 35 என்றால், 5 × 60 = 300 மி.கி. இப்போது ஒட்டிப்போகும் பங்கு 42 விழுக்காடு. சிறுநீரகம் தளரத் தளரப் புரதங்களும் திசுக்களும் வகிக்கும் பங்கு கூடுகிறது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினை ரத்தத்தில் அளக்கும் முறை மாறியபோது வடிகட்டும் வேகம் மிகையாகக் கணக்கிடப்பட்டு அளவு எகிறிவிடலாம் என்று கண்டு, 2010-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சூத்திரத்தில் அதை 125-க்கு மேல் போட வேண்டாம் என்றது. இலக்கு 6 என்றாலும் 900 மி.கி.க்கு மேல் போகாது.

ஆக்சாலிபிளாட்டின்: தோற்றத்தை வைத்து ஏமாறக் கூடாது

நகோயா நகரப் பல்கலைக்கழகத்தின் யோஷினோரி கிடானி 1976-இல் கொண்டுவந்தது. இதிலும் இரண்டு கையால் பற்றும் ஆக்சலேட் குழு இருக்கிறது. எனவே கார்போபிளாட்டின் மாதிரி நிதானமாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ரத்தத்தில் நடப்பது வேறு. குளோரைடும் பைகார்பனேட்டும் ஆக்சலேட்டைக் கழற்றிவிடுகின்றன. முழு உருவில் உள்ள மருந்து வெகு சீக்கிரம் மறைகிறது. இரண்டு மணி நேரம் ஏற்றி முடித்ததும் பார்த்தால், கொடுத்த பிளாட்டினத்தில் 15 விழுக்காடுதான் ரத்த ஓட்டத்தில் இருக்கிறது. 85 விழுக்காடு திசுக்களுக்கோ சிறுநீருக்கோ போய்விட்டது. பிளாஸ்மாவில் உள்ளதில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஆல்புமினிலும் காமா குளோபுலினிலும் மீளாமல் ஒட்டியிருக்கும்.

கலக்கும் கரைசலைத் தேர்ந்தெடுப்பதும் இதனால்தான் தலைகீழாகிறது. சிஸ்பிளாட்டினுக்கு உப்புக்கரைசல் வேண்டும். குளோரைடு அதற்குக் காவல். ஆக்சாலிபிளாட்டினை உப்புக்கரைசலில் கலக்கவே கூடாது. அதே குளோரைடு அதைக் கலைத்துவிடும். 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ்தான் சரி. கார்போபிளாட்டினை இரண்டிலும் கலக்கலாம்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஆக்சாலிபிளாட்டினின் பிளாட்டினம் சிவப்பணுக்களுக்குள் புகுந்து அங்கேயும் மீளாமல் சேர்ந்துகொள்கிறது. அந்தச் சேமிப்பால் சிகிச்சைக்குப் பயன் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் அளவீட்டில் அது குழப்பம் விளைவிக்கும். முழு ரத்தத்தில் அளந்த எண்ணையும் பிளாஸ்மாவில் அளந்த எண்ணையும் ஒன்றாக வைத்து ஒப்பிடும் கட்டுரையைப் படிக்க நேர்ந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அப்படியானால் எதை எடுப்பது?

முதல் வார்த்தையைச் சொல்வது கட்டி எங்கே, எந்த வகை என்பதே. புரதப் பிணைப்பு இரண்டாவதாகத்தான் பேசும். விதைப்பைப் புற்றில் சிஸ்பிளாட்டினுக்குப் பதிலாகக் கார்போபிளாட்டினை வைத்துப் பார்த்த 1990-களின் ஆய்வுகளில் நோய் திரும்புவது கூடியது. குணமாகக்கூடிய இளைஞர்களிடம், பக்கவிளைவு குறைவு என்பதற்காக அந்த வாய்ப்பைக் குறைக்க மனம் வராது, வரவும் கூடாது. பெருங்குடல் புற்றில் மற்ற இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க பலன் கிடையாது. ஆக்சாலிபிளாட்டின் தனி ஆள். அங்கே ஒப்பீட்டுக்கே வேலை இல்லை.

இரண்டு மருந்துகள் பலனில் சமமாக நிற்கும் இடத்தில்தான் ரத்தத்தில் நடப்பது முடிவைத் தீர்மானிக்கும். சினைப்பைப் புற்று அப்படிப்பட்ட இடம். பாக்ளிடாக்செல் என்ற வேறொரு புற்றுநோய் மருந்தோடு சேர்க்கச் சிஸ்பிளாட்டினா கார்போபிளாட்டினா என்று ஒப்பிட்டு, அமெரிக்காவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் 2003-இல் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகளும் கார்போபிளாட்டின் பலனில் பின்தங்கவில்லை என்று காட்டின. பலன் சமம் என்றால் என் ஓட்டு கார்போபிளாட்டினுக்கு. காரணம், அதன் போக்கைக் கணிக்க முடிகிறது. சிறுநீரகத்தின் நிலையை அளந்து, அதற்கேற்ப மருந்தை அளந்து கொடுக்கிறோம். தட்டணுக்கள் குறையும், கவனித்துக்கொள்ள வேண்டும். என்றாலும் சிறுநீரகத்துக்கும் காதுக்கும் வாந்திக்கும் அஞ்சி நிற்கும் நிலை வெகுவாகக் குறைகிறது.

சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருப்பவருக்குப் பிளாட்டினம் தேவைப்பட்டாலும் இதே தர்க்கம்தான். கார்போபிளாட்டின் முழு உருவில் நெடுநேரம் இருப்பதால், கொடுத்த ஒரு நாளுக்குள் டயாலிசிஸ் செய்து மிச்சத்தை எடுக்க முடியும். சிஸ்பிளாட்டினில் அந்த வாசல் சில மணி நேரத்தில் மூடிவிடுகிறது.

ஆல்புமின் குறைந்துபோன, உடல் மெலிந்த நோயாளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வார்ஃபரின் கணக்கில் பழகியவர்கள் ‘ஆல்புமின் குறைவு, அதனால் பிணையாத பங்கு கூடும்’ என்று சதவீதக் கணக்கு போடுவார்கள். பிளாட்டினத்தில் அந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது, ஏனென்றால் இங்கே இடம் தீர்ந்துபோவதில்லை. குறைவது ஒட்டும் வேகம். அதனால் வினைபுரியும் உருவம் சற்றுக் கூடுதல் நேரம் சுற்றக்கூடும். சிஸ்பிளாட்டின் கொடுத்தபின் சிறுநீரகம் பாதிக்கப்படும் அபாயத்தைக் கணிக்கும் மதிப்பெண் முறையொன்று 2018-இல் வெளியானது. வயது, மருந்தளவு, ரத்தக்கொதிப்பு ஆகியவற்றோடு ரத்த ஆல்புமினும் அதில் ஒரு காரணி. ஆல்புமின் குறைவு என்பது பொதுவாகவே உடல் தளர்ந்திருப்பதன் அடையாளம். எனவே முழுப் பழியையும் பிணைப்பின் மேல் போட மாட்டேன். ஆனால் அப்படிப்பட்டவரிடம் சிஸ்பிளாட்டினைத் தவிர்க்க வழி இருந்தால் தவிர்ப்பதே நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இறுதி முடிவு, நோயாளியை நேரில் பார்க்கும் மருத்துவருடையது.

அளக்கப் போகிறவர் எந்த முறையை எடுப்பது?

இதே விஷயத்தை ஆய்வகத்தில் தொடப் போகும் மாணவர்களுக்காக இந்தப் பகுதி. முறை பல உண்டு. எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்பதே முறையைத் தீர்மானிக்கும்.

நோயாளியின் ரத்தத்தில் வேலை செய்யக்கூடிய மருந்து எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டுமா? நுண்வடிகட்டல் போதும். 30,000 டால்டன் அளவுள்ள சவ்வில் பிளாஸ்மாவைச் சுழற்றினால் புரதம் மேலே தங்கும், சிறு மூலக்கூறுகள் கீழே வரும். வடிநீரிலுள்ள பிளாட்டினத்தை, தனிமங்களின் அணுக்களை எண்ணும் ஐசிபி-எம்எஸ் என்ற நிறைமானிக் கருவியில் எண்ணிவிடலாம். ஒரே நிபந்தனை: ரத்தம் எடுத்த கையோடு குளிரவைத்துப் பிளாஸ்மாவைப் பிரித்து, உடனே வடிகட்ட வேண்டும். ஒட்டும் வினை குழாய்க்குள்ளும் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும். மதியம் எடுத்த ரத்தத்தை மாலையில் வடிகட்டினால், நோயாளியின் உடலில் நடந்ததோடு மேசையில் நடந்ததையும் சேர்த்தே அளக்கிறீர்கள். இதே காரணத்தால், சவ்வின் இருபுறமும் மருந்து சமன்படும் வரை பல மணி நேரம் 37 டிகிரியில் வைக்க வேண்டிய சமநிலை டயாலிசிஸ் என்ற ஆய்வக முறை சிஸ்பிளாட்டினுக்குப் பொருந்தாது. எட்டவே முடியாத சமநிலைக்காகக் காத்திருப்பதில் பொருளில்லை.

எந்தப் புரதத்தில் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்கும் நிறச்சாரல் பிரிகையை ஐசிபி-எம்எஸ்ஸோடு இணைக்க வேண்டும். நுண்குழலில் மின்புலத்தால் நகர்த்திப் பிரிக்கும் முறையையும் (எலெக்ட்ரோஃபோரசிஸ்) இதேபோல் இணைக்கலாம். இது பிளாட்டினத்தைக் கண்டுபிடிக்கும், ஆனால் அது எந்த உருவில் இருக்கிறது என்று சொல்லாது. காரணம், கருவிக்குள் எல்லாம் அணுவாகச் சிதறிவிடும். ஆல்புமினும் டிரான்ஸ்ஃபெரினும் எடையில் அருகருகே இருப்பதால் இரண்டையும் பிரித்துக் காண்பதற்கும் மெனக்கெட வேண்டும்.

புரதத்தின் மேல் என்ன ஒட்டியிருக்கிறது என்பதைப் பார்க்க, மின்தெளிப்பு நிறைமானி. ஆல்புமினின் எடைக்கோட்டுக்கு அருகே சுமார் 229 டால்டன் தள்ளி இன்னொரு கோடு எழுந்தால், இரண்டு அம்மோனியாவோடு பிளாட்டினம் ஏறியிருக்கிறது; சுமார் 264 என்றால் ஒரு குளோரைடும் கூடவே இருக்கிறது. மெத்தியோனினின் கந்தகத்தில் ஒட்டும்போது அதற்கு எதிர்ப்பக்கத்து அம்மோனியா கழன்றுபோவதும் உண்டு. அப்போது எடை இன்னும் குறையும். புரதத்தைத் துண்டுகளாக வெட்டிப் பார்த்தால், பிளாட்டினம் உள்ள துண்டு தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். 194, 195 என்ற ஐசோடோப்புகள் ஏறக்குறைய சம உயரத்திலும், 196 சற்றுத் தாழ்ந்தும் நிற்கும் அந்த மூன்று முகடுகளை ஒருமுறை பார்த்தவருக்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் அடையாளம் தெரியும்.

ஒரு முறையை மட்டும் நான் வெளிப்படையாக எதிர்க்கிறேன். ஆல்புமினில் 214-ஆம் இடத்தில் டிரிப்டோஃபான் என்ற ஒளிரும் அமினோ அமிலம் ஒன்றே ஒன்று இருக்கிறது. மருந்தைச் சேர்க்கச் சேர்க்க அதன் ஒளிர்வு மங்குவதை அளந்து, கோடு வரைந்து, ‘பிணைப்பு மாறிலி’ என்று ஓர் எண் கொடுப்பது எளிது. கருவி எல்லா ஆய்வகத்திலும் கிடைக்கும், ஒரு மாதத்தில் கட்டுரை தயார். ஆனால் அந்த மாறிலி சமநிலைக்கு உரியது. மீளாமல் ஒட்டும் பிளாட்டினத்துக்கு அப்படியொரு மாறிலியே கிடையாது. பத்து நிமிடம் கழித்து அளந்தால் ஓர் எண், ஒரு நாள் கழித்து அளந்தால் வேறோர் எண். அறிவிக்க வேண்டியது வேக மாறிலி. எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு ஒட்டியது என்ற கணக்கு. வேதிப் பிணைப்பைக் கணக்கில் எடுக்காமல், மருந்து புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று கணினி ஊகித்துக் கொடுக்கும் மதிப்பெண்ணை அதோடு சேர்த்துப் போடுவதும் விடையை மேம்படுத்தாது. திறமையும் உழைப்பும் உள்ள மாணவர்களின் ஆண்டுகள் இந்த வழியில் வீணாவதைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இந்தத் தலைப்பை எடுக்கப்போகும் யாருக்காவது இந்தப் பத்தி கண்ணில் பட்டால், கரைசலில் 100 மில்லிமோல் குளோரைடு போட்டீர்களா, மருந்தை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைக்கவில்லை அல்லவா என்ற இரண்டையும் பாருங்கள். டிஎம்எஸ்ஓவின் கந்தகம் சிஸ்பிளாட்டினோடு தானே வினைபுரிந்து அதை வேறு பொருளாக்கிவிடும்.

புரதத்தைத் தவிர்ப்பதா, அதன்மேல் ஏறிப் போவதா?

புதிய மருந்து வடிவமைப்பவர்கள் முன்னாலும் இதே கேள்விதான் இரண்டு பாதைகளாக நிற்கிறது. மூன்று பிளாட்டினங்களைக் கோத்து, டிஎன்ஏவில் புதுவகையாகப் பிணையும் பிபிஆர்3464 என்ற சேர்மம் ஆய்வகத்தில் பெரிய நம்பிக்கை தந்தது. நோயாளிகளிடம் இரண்டாம் கட்ட ஆய்வுகளில் எதிர்பார்த்த பலன் வரவில்லை. ரத்தத்தில் உள்ள கந்தகச் சேர்மங்களும் ஆல்புமினும் அதை முன்கூட்டியே சிதைத்துவிட்டது ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. செல்வளர்ப்புத் தட்டில் புரதம் குறைவு, ரத்தத்தில் அதிகம்; தட்டில் வென்றது இங்கே தோற்றது.

மறு பாதை, புரதத்தின் பிடியையே வாகனமாக்குவது. எம்ஐடியில் ஸ்டீபன் லிப்பார்டின் குழு, பிளாட்டினத்தை வினைபுரியாத நான்காம் ஆக்சிஜனேற்ற நிலையில் வைத்து, கொழுப்பமிலம் போன்ற வாலைக் கட்டி, ஆல்புமினின் கொழுப்பு இடத்தில் உட்கார வைத்தது. வியன்னாவில் வேறொரு குழு மாலிமைடு என்ற கொக்கியை வைத்து, இடுக்கில் ஒடுங்கியிருக்கும் அந்த 34-ஆம் சிஸ்டீனையே வேண்டுமென்று பிடித்தது. இரண்டிலும் புரதத்தில் ஒட்டுவது வால் அல்லது கொக்கி. பிளாட்டினம் தன் கைகளைக் காலியாக விடாமல் வைத்திருக்கிறது. செல்லுக்குள் போய் ஒடுக்கம் அடைந்த பிறகே அது இரண்டாம் நிலைக்கு வந்து வேலையைத் தொடங்கும். ஆல்புமினின் அரை ஆயுள் சுமார் 19 நாள். கட்டிகள் அதை உணவாக இழுத்துக்கொள்வதும் தெரிந்ததே. எனக்கு இந்தப் பாதையின் மேல்தான் நம்பிக்கை. புரதங்கள் மோல் கணக்கில் இவ்வளவு அதிகமாக இருக்கும் ரத்தத்தில் அவற்றை ஏமாற்றி ஓடும் மருந்தைச் செய்ய, கார்போபிளாட்டின் அளவுக்கு வினைத்திறனை அடக்க வேண்டியிருக்கிறது. அப்படி அடக்கும்போது பிளாட்டினத்தை மூன்று மடங்கு கொடுக்க வேண்டிவருகிறது என்பதை மேலே போட்ட மில்லிமோல் கணக்கே காட்டிவிட்டது.

இந்தப் பாதைக்கு ஒரு கடினமான சோதனை காத்திருக்கிறது. சிஸ்பிளாட்டினால் விதைப்பைப் புற்றிலிருந்து குணமானவர்களின் ரத்தத்தில் 20 ஆண்டுகள் வரைகூட மிகச் சிறிய அளவில் பிளாட்டினம் தென்படுகிறது. மூன்று வாரத்துக்குள் பாதி புதுப்பிக்கப்பட்டுவிடும் ஆல்புமின் அத்தனை ஆண்டுகள் அதைச் சுமந்திருக்க முடியாது. திசுக்களில் தங்கியது மெல்லக் கசிந்து வருகிறது என்றுதான் கொள்ள வேண்டும். புரதத்தில் ஏற்றி அனுப்பும் புது மருந்து கட்டிக்குள் எவ்வளவு போகிறது என்பதோடு, மற்றத் திசுக்களில் எவ்வளவு, எத்தனை காலம் தங்குகிறது என்பதையும் விலங்கு ஆய்வுக் கட்டத்திலேயே அளந்து காட்டச் சொல்ல வேண்டும்.